உறைவிடத்தைத் திருத்தும் மருந்து

(தோலில் இடப்படும் விற்றமின் ஏ வழிப்பொருள்களின் பற்றீரிய எதிர்ப்பைக் குறித்து வினாயகபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சுவடிவம்)



இரசாயனமும் வைத்தியமும் கலந்த ஒரு விஷயத்தைக் கரையோரக் கிராமமொன்றிலே தமிழில் விரித்துரைத்தல் இயலுமோ என்று ஐயுற்ற நண்பர் ஒருவருக்கு நான் அளித்த மறுமொழி, இக்கரையோரமாகவே வடக்கு நோக்கிச் சென்றால் வரும் காரைதீவிற் பிறந்தவரும், விஞ்ஞானத்திற் பட்டம்பெற்று ஆசிரியத் தொழில் புரிந்த பின்னரே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவருமான சுவாமி விபுலாநந்தர், 1936ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் என்பதே. அவர் பிறந்த கரையிலே இந்த ஐயம் எழலாகாது.

இன்று நான் எடுத்துக்கொண்ட வினா சிறியது. முகப்பருவுக்கென்று பாமசியிலே விற்கப்படும் பூச்சுமருந்துகளில் விற்றமின் ஏயின் வழிப்பொருள்கள் சிறந்த இடம் பெற்றிருக்கின்றன. இரெற்றினோல், இரெற்றினல்டிகைட்டு, இரெற்றினோயிக் அமிலம், அடப்பலீன் என்பன அவற்றின் பெயர்கள். இவற்றைப் பூசிய தோலிலே பற்றீரியாக்கள் குறைகின்றன. ஆயின், இவை பற்றீரியாவைக் கொல்கின்றனவா? இவ்வினாவுக்கு ‘ஆம்’ என்பாரும் ‘இல்லை’ என்பாரும் உளர். விற்றமின் ஏ, விற்றமின் என்ற முறையிலே செய்யுந் தொழில் கிருமியின் உறைவிடமாகிய தோலைத் திருத்துதலே என்பதும், அதன் வழிப்பொருள் சிலவற்றிற் காணப்படும் கொல்லுந் தன்மையோ அவற்றின் மூலக்கூற்று முனையிலே தற்செயலாக அமைந்த வேறொரு குணம் என்பதும், இவ்விரண்டையும் பிரித்தறியாமையாலேயே நூறாண்டாக இவ்விஷயத்திற் குழப்பம் நிலவுகின்றது என்பதும் என் அபிப்பிராயம். அதனை ஐந்து கூறுகளாக வகுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

1. குறைபாடு கற்பித்த பாடம்

விற்றமின் ஏ 1913ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது. அது உடலில் என்ன செய்கின்றது என்பதை அறிவதற்கு, அது இல்லாதபோது என்ன நிகழ்கின்றது என்று பார்ப்பதே அக்காலத்தவர்க்குக் கிடைத்த வழி. 1925இல் அமெரிக்காவிலே வோல்பாக், ஹவ் என்னும் இருவர், அவ்விற்றமின் நீக்கிய உணவிலே வளர்த்த எலிகளை அறுத்து ஆராய்ந்து, மூச்சுக்குழலையும் சுரப்பிகளின் நாளங்களையும் உள்ளே போர்த்திருக்கும் ஈரமான மென்படையானது வறண்டு, தடித்து, கொம்புத்தன்மை எய்தி, தோலின் மேற்படையைப் போலாகிவிடுவதைக் கண்டனர். மூன்றாண்டு கழித்து இங்கிலாந்திலே கிறீன், எட்வேட் மெலன்பி என்போர், அவ்வாறு வளர்ந்த எலிகள் சீழ்க்கட்டுகளாலும் தொற்றுகளாலும் மாண்டுபோவதைக் கண்டு, இவ்விற்றமினைத் தொற்றெதிர்க்கும் பொருள் என்றே அறிவித்துவிட்டனர். அப்பெயர் பெரிது, அதனால் எழுந்த ஆசையும் பெரிது. அடுத்த சில ஆண்டுகளிலே பிரசவக் காய்ச்சல் முதற்கொண்டு அம்மை வரையில் எத்தனையோ தொற்றுநோய்களுக்கு மீனெண்ணெய் கொடுத்துப் பரீட்சித்தார்கள்; சிற்சில இடங்களிற் பயன் கண்டார்கள், பல இடங்களில் ஏமாந்தார்கள். 1935ஆம் ஆண்டை ஒட்டிச் சல்பா மருந்துகள் தோன்றி, கிருமியை நேரே தாக்குதல் எத்தகையது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டியபோது, மீனெண்ணெய்ப் பரீட்சைகள் மறதிக்குட்பட்டன.

இவ்வரலாற்றிலே நம் தீவுக்கு ஒரு தனியிடம் உண்டு. அதனை நம்மவர் பலர் அறியார். கொழும்பிலிருந்த பற்றீரியவியல் நிலையத்தின் பணிப்பாளராயிருந்த லூஷியஸ் நிக்கல்ஸ் என்பவர், 1933ஆம் ஆண்டிலே ‘இந்தியன் மெடிக்கல் கெசற்’ என்னும் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையிலே, முழங்கையின் வெளிப்புறம், முழங்கால், தொடை ஆகிய இடங்களில் மயிர்க்கால்தோறும் கொம்புத்தன்மை வாய்ந்த முளைகள் எழுந்து தோல் முழுவதும் சொரசொரப்பாகும் ஒரு நிலையை வருணித்து, தேரையின் தோலை நினைந்து அதற்குப் ‘பிரைனோடேர்மா’ என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டிலே அது இலங்கை மக்களிடை எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் கணக்கெடுத்து வேறொரு கட்டுரையும் வெளியிட்டார். நிக்கல்சின் முதற் கட்டுரைக்கு இருவருடம் முன்னதாகப் பீக்கிங்கிலே பிரேசியர், ஹூ என்போர் சீனப் போர்வீரரிடம் கண்டதும் இதை ஒத்ததே. விற்றமின் ஏயின் குறைவே காரணம் என்று நிக்கல்ஸ் கொண்ட முடிபு முற்றும் நிலைக்கவில்லை. 1947இலே இந்தியாவின் சி. கோபாலன் ஆராய்ந்து, அத்தியாவசியக் கொழுப்பமிலங்களும் பி தொகுதி விற்றமின்களும் இதிற் சம்பந்தப்பட்டவை என்று காட்டினார். ஆயினும் நிக்கல்சின் கண் கண்ட காட்சி பொய்யாகவில்லை: உணவின் குறை மயிர்க்காலின் வாயிலே கொம்புப்பொருளாய்த் திரண்டு அடைத்துக்கொள்கின்றது. அந்த அடைப்பை மறவாது வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்; முகப்பருவும் அவ்வாயிலிலேதான் தொடங்குகின்றது.

குறையை நிரப்பினால் விளைவது யாது என்பதையும் பிற்காலத்தவர் பரீட்சித்தனர். தமிழ்நாட்டிலே திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற் குழந்தைகள் 15,419 பேரைக் கொண்டு நடத்தி, 1990இலே மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த ரஹ்மத்துல்லா முதலியோர் வெளியிட்ட பரீட்சையிலே, வாரந்தோறும் சிறிதளவு விற்றமின் ஏ பெற்ற குழந்தைகளின் மரணம் 54 சதவீதம் குறைந்தது. ஐதராபாத்தினர் அதே காலத்தில் ஆறு மாதத்துக்கொருமுறை பெருமளவு கொடுத்து நடத்திய பரீட்சையிலோ அத்தகைய பேதம் காணப்படவில்லை. நாள்தோறும் புதுப்பிக்கப்படும் உடற்படைக்குச் சிறுகச் சிறுக, இடையறாது கிடைப்பதே வேண்டும் போலும் என்று நான் ஊகிக்கிறேன், அது ஊகமே.

2. உட்கொள்ளல் விடுத்துப் பூசத் தொடங்கியமை

புண்ணின்மேல் மீனெண்ணெய் இடுதல் மீன்பிடி மக்கள் பலரிடையே பழைய வழக்கம். அதனை வைத்தியசாலைக்குட் கொணர்ந்தவர், ஜேர்மனியின் மக்டபேர்க் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்கெல்ம் லோர். 1934இல் அவர் கொட் மீனின் ஈரலெண்ணெயைக் களிம்பாக்கி எரிகாயங்களிலும் ஆறாப் புண்களிலும் இட்டு, புண் தூய்மையாகி விரைந்து ஆறுகின்றது என்று உரைத்தார். ஆனால் ஈரலெண்ணெயிலே விற்றமின் ஏ உண்டு, டி உண்டு, பலவகைக் கொழுப்பமிலங்களும் உண்டு. பயன் எதனால் விளைந்தது என்று பிரித்துச் சொல்ல அன்று யாராலும் இயலவில்லை. 

தூய பொருளைத் தோலிலே இட்டுப் பரீட்சித்தல் 1962இல் ஜேர்மனியின் ஸ்ருட்கென் என்பவரோடு தொடங்குகின்றது. அவர் இரெற்றினோயிக் அமிலத்தைச் செதில்படியும் தோல்நோய்களுக்குப் பயன்படுத்தினார். அதனை முகப்பருவுக்குரிய மருந்தாக நிறுவியவர் பிலடெல்பியாவின் அல்பேட் கிளிக்மன். புல்ரன், பிளீவிக் என்போருடன் அவர் வெளியிட்ட கட்டுரை 1969ஆம் ஆண்டினது, மருந்து அனுமதி பெற்றது 1971இல். இந்தக் கிளிக்மன் தம் தோற்பரிசோதனைகள் பலவற்றை அந்நகரத்து ஹோம்ஸ்பேர்க் சிறையிற் கிடந்த கைதிகளின் உடல்மீது நடத்தினார் என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. நாம் முகத்திற் பூசுகின்ற மருந்தின் வரலாற்றிலே, மறுக்கும் உரிமையைப் பெயரளவிலே பெற்றிருந்தோரின் முதுகுத்தோலும் அடங்கியுள்ளது.

3. மயிர்க்காலுக்குள் நிகழ்வது

தோலின் நெய்ச்சுரப்பி மயிர்க்காலுக்குள்ளே திறக்கின்றது. அம்மயிர்க்காலின் உட்சுவர் உயிரணுக்கள் காலந்தோறும் உதிர்ந்து, நெய்யோடு சேர்ந்து வெளியேறுதல் இயல்பு. சிலரிடம், விசேஷமாகப் பூப்பெய்தும் பருவத்திலே, அவை உதிராது ஒன்றோடொன்று ஒட்டி, கொம்புப்பொருளாய்ச் செறிந்து, வாயிலை அடைக்கின்றன. அடைபட்ட குழிக்குள்ளே நெய் தேங்குகின்றது, ஒட்சிசன் அருகுகின்றது. ஒட்சிசன் குறைந்து நெய் நிறைந்த இடத்தை விரும்பி வாழ்வதே முன்னர்ப் புறோபியோனிபற்றீரியம் என்றும், 2016 முதற் கியூற்றிபற்றீரியம் என்றும் வழங்கப்படும் நுண்ணுயிர். இது அந்நியச் சத்துரு அன்று. ஆரோக்கியமான தோலிலும் குடியிருப்பது. அடைபட்ட குழியிலே பெருகி, நெய்யை உடைத்துக் கொழுப்பமிலங்களை விடுவித்து, உடலின் காவலணுக்களை உசுப்பும்போதே அது நோய்க்குத் துணையாகின்றது.

இரெற்றினோயிக் அமிலம் இங்கே செய்வது யாது? 1987ஆம் ஆண்டிலே ஸ்திராஸ்பூர்க்கில் சம்போனும், கலிபோர்னியாவில் எவன்சும், ஒருவரையொருவர் சாராது, உயிரணுவின் கருவுக்குள்ளே இவ்வமிலத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு என்று கண்டுபிடித்தனர். அமிலத்தைப் பற்றிய ஏற்பி மரபணுக்களின்மேல் அமர்ந்து, எவை தொழிற்படவேண்டும், எவை அடங்கவேண்டும் என்பதை மாற்றுகின்றது. அதன் பயனாக மயிர்க்காலின் உட்சுவர் அணுக்கள் ஒட்டாது உதிர்கின்றன. பழைய அடைப்புக் கழன்று வெளியேறுகின்றது. புதிய அடைப்புத் தோன்றுவதில்லை. காற்றுப் புகுகின்றது, நெய் தேங்குவதில்லை. பற்றீரியாவை எவரும் தொடவில்லை. அது வாழ்தற்குரிய சூழ்நிலை மாத்திரம் போய்விட்டது.

நம் வட்டைகளிலே வேளாண்மை செய்வோர் இதனை நன்கறிவர். நாற்று வேர்கொண்ட பின்னர் வயலிலே அளவறிந்து நீர் கட்டிவைத்தாற் களை முளைப்பது வெகுவாகக் குறைகின்றது. மருந்தடித்தலோ வேறொரு காரியம். களை குறைந்திருத்தலை மாத்திரம் கண்டு, நீரையும் களைகொல்லி என்று சொல்வோர் உண்டோ?

இன்னொன்றும் இதனோடு சேர்ந்தது. பற்றீரியாவின் இருப்பை உணர்ந்து அழற்சியைத் தூண்டும் ரி.எல்.ஆர். 2 என்னும் ஏற்பி காவலணுக்களின் மேற்பரப்பில் உண்டு. இரெற்றினோயிக் அமிலம் அவ்வேற்பியின் தொகையைக் குறைக்கின்றது என்று கலிபோர்னியாவின் மொட்லின் குழுவினர் 2005இல் அறிவித்தனர். ஆகவே எஞ்சிய பற்றீரியாவாலும் முன்போற் சிவப்பும் வீக்கமும் விளைவதில்லை.

4. நேரே கொல்லும் வழிப்பொருள்கள்

இதுவரை சொன்னது முழுவதும் உண்மையாயின், கண்ணாடிக் குழாயிலே பற்றீரியாவை மட்டும் வளர்த்து, அதன்மேல் விற்றமின் ஏயின் வழிப்பொருள்களை இட்டால் ஒன்றும் நிகழலாகாது. அங்கே தோலும் இல்லை, மயிர்க்காலும் இல்லை. ஜெனீவாவிலே சோரா என்பாரின் தோல்நோய்த் துறையைச் சார்ந்த பெஷேர் முதலியோர் இதனையே செய்து பார்த்து, 1999, 2002ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். இரெற்றினோலும் இரெற்றினோயிக் அமிலமும், எதிர்பார்த்தபடியே, குறிப்பிடத்தக்க விளைவொன்றும் தரவில்லை. ஆனால் இரெற்றினல்டிகைட்டு முகப்பருப் பற்றீரியாவையும், சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்ரபிலோகொக்கசையும் வளரவிடாது தடுத்தது. 0.05 சதவீத இரெற்றினல்டிகைட்டுள்ள கிறீமை இரண்டு வாரம் நாள்தோறும் பூசியோரின் தோலிலும் பருப்பற்றீரியாவின் தொகை தெளிவாகக் குறைந்திருந்தது.

இம்மூன்று பொருள்களும் ஒரே குடும்பத்தின. நீண்ட சங்கிலியும் வளையமும் மூன்றுக்கும் பொது. சங்கிலியின் கோடியிலே இரெற்றினோலுக்கு அற்ககோல், இரெற்றினல்டிகைட்டுக்கு அல்டிகைட்டு, மற்றையதற்கு அமிலத் தொகுதி என்பதே பேதம். கருவுக்குள் உள்ள ஏற்பியைப் பற்றி விற்றமின் தொழில் புரிவது அமிலமே. அதுவோ குழாயிற் கொல்லவில்லை. கொல்வது அல்டிகைட்டு, அதுவோ அமிலமாக மாறிய பின்னரே தோலின் ஏற்பியை அடைகின்றது. ஜெனீவா ஆய்வாளரும் அல்டிகைட்டுத் தொகுதியையே காரணமாகக் கொண்டனர். 

2018ஆம் ஆண்டிலே ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வு இதனை மேலும் தெளிவாக்குகின்றது. அமெரிக்காவின் பிறவுன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர், ஏறத்தாழ 82,000 சேர்வைகளைச் சிறு புழுக்களைக்கொண்டு சோதித்து, மெதிசிலின் என்னும் அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத ஸ்ரபிலோகொக்கசிடமிருந்து அப்புழுக்களைக் காக்கும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றுள் இரண்டு, விற்றமின் ஏயின் தொழிலை ஒத்த செயற்கைப் பொருள்களாகிய இரெற்றினோயிட்டுகள். வளர்ச்சியை நிறுத்தித் தூங்கியிருப்பதால் சாதாரண அன்டிபயோட்டிக்குகளுக்கு மாளாத பற்றீரியாக்களையும் அவை அவற்றின் கொழுப்புச் சவ்வைக் குலைத்துக் கொன்றன. அவற்றுள் ஒன்றான சி.டி. 437 என்பது, நம் பாமசிகளிற் கிடைக்கும் அடப்பலீனின் உடன்பிறப்பு: அடப்பலீனில் மெதொட்சித் தொகுதி உள்ள இடத்திலே இதில் ஐதரொட்சித் தொகுதி உள்ளது, மற்றெல்லாம் ஒன்றே. எனினும் அடப்பலீனைக் கிருமிகொல்லி என்று எந்தத் தோல்நோய் வைத்தியரும் எழுதிக்கொடுப்பதில்லை. சவ்விலே தைத்துக்கொள்ளும் அச்சிறு முனையே கொலையைச் செய்கின்றது. கருவுக்குள்ளிருக்கும் ஏற்பிக்கு அதிற் பங்கில்லை, அத்தகைய ஏற்பி பற்றீரியாவிடம் இல்லவுமில்லை.

5. தோல் தானே செய்துகொள்ளும் மருந்து

உறைவிடத்தைத் திருத்துதல் என்று நான் சொன்னது அடைப்பை நீக்குதலோடு முடிவதில்லை. தோலின் அணுக்கள் பற்றீரியாவைக் கொல்லும் புரதங்களைத் தாமே ஆக்குகின்றன. விற்றமின் ஏயின் இன்னொரு வழிப்பொருளாகிய, முகப்பருவுக்கு உட்கொள்ளும் ஐசோற்றெற்றினோயின், நெய்ச்சுரப்பியிலே என்கால் என்னும் புரதத்தை மிகுவிக்கின்றது என்பது 2008இல் வெளியாயிற்று. அப்புரதம் பற்றீரியாவுக்கு இன்றியமையாத இரும்பைக் கவர்ந்து அதனைப் பட்டினியிடுவது. 2019இலே ரெக்சாசின் ஹரிஸ்-திரையன், ஹூப்பர் முதலியோர், எலியின் தோலிலே ரெல்ம் அல்பா என்னும் கிருமிகொல்லிப் புரதம் விற்றமின் ஏ உணவிலுள்ளபோது மட்டுமே போதிய அளவு சுரக்கின்றது என்றும், அது இல்லாத எலிகளிலே தோற்றொற்று மிகுகின்றது என்றும் காட்டினர். மெலன்பி 1928இல் உத்தேசமாகச் சொன்னதன் ஒரு பகுதிக்கு இங்கே காரணம் கிடைத்துவிட்டது. மறுபுறத்தையும் மறைக்கலாகாது: வளர்ப்புத் தோலணுக்களிலே இரெற்றினோயிக் அமிலம் டிபென்சின் என்னும் வேறொரு காவற்புரதத்தைக் குறைக்கின்றது என்ற நிரூபணமும் உண்டு. அமிலம் தோலின் எல்லாப் படைக்கலங்களையும் ஒருசேர உயர்த்துவதில்லை. சிலவற்றை உயர்த்திச் சிலவற்றைத் தாழ்த்துகின்றது.

இவ்வேறுபாட்டாற் பூசுவோர்க்கு விளையும் பயன் என்ன என்று கேட்பீர்கள். எரித்திரோமைசின், கிளிண்டமைசின் முதலிய அன்டிபயோட்டிக்குகளை முகத்தில் தனியே பூசிவந்த தேசங்களிலெல்லாம் பருப்பற்றீரியா அவற்றுக்கு அடங்காததாயிற்று. கொல்லவரும் மருந்துக்கு எதிராகப் பற்றீரியா தன்னை மாற்றிக்கொள்ளும். தன்னைத் தீண்டாது தன் இருப்பிடத்தை மாற்றும் மருந்துக்கு எதிராக அது மாற்றிக்கொள்ள யாதுமில்லை. ஆதலால், அடப்பலீனோடு, பற்றீரியாவைக் கொன்றும் அத்தகைய அடங்காமையைத் தூண்டாத பென்சோயில் பெரொட்சைட்டைச் சேர்த்து இடும் முறையை வைத்தியர் இன்று விரும்புகின்றனர். பழைய இரெற்றினோயிக் அமிலப் பூச்சு ஒளியிலும் பெரொட்சைட்டின் சேர்க்கையிலும் சிதைவது. அதனாலேயே இரவிற் பூசுமாறு சொல்வர். நம் கரையின் வெயிலிலே இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கை அன்று. முதற் சில வாரம் தோல் சிவந்து உரியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பொழுதே கைவிடுவோர் பலர். கருவுற்ற தாய்மாரும் கருவுற எண்ணியிருப்போரும் இவ்வினத்தைத் தொடவே வேண்டாம்; உட்கொள்ளும் ஐசோற்றெற்றினோயின் சிசுவின் அங்கங்களைச் சிதைப்பது ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்டது.

முகத்தை வெளுப்பாக்கும் என்று கைமாறி விற்கப்படும் கிறீம்களிற் சில, ஐதரோகுயினோனையும் இரெற்றினோயிக் அமிலத்தையும் ஸ்ரீரோயிட்டையும் ஒன்றாய்க் கலந்தவை. கிளிக்மன் 1975இல் வகுத்த கலவையின் வழித்தோன்றல்கள் இவை. வைத்தியர் கண்பார்வையிலே, குறுகிய காலத்துக்கு, மங்கு முதலிய நிறக்கேட்டுக்கென்று வகுக்கப்பட்டவை. மாதக்கணக்கிற் பூசுங்கால் ஸ்ரீரோயிட்டுத் தோலை மெலிவித்து, காவலை அடக்கி, தானே பருவையும் கிளப்பிவிடும். அமிலம் ஒரு பக்கம் திருத்துகின்ற உறைவிடத்தை அதே குழாயிலிருந்து பிதுங்கும் ஸ்ரீரோயிட்டு மறுபக்கம் இடிக்கின்றது.

சொற்பொழிவு முடிந்தபின் ஆசிரியை ஒருவர் எழுந்து, முருங்கையிலையிலே விற்றமின் ஏக்கு மூலமான கரோட்டீன் மிகுதியென்றால் அவ்விலையை அரைத்து முகத்திற் பூசலாகாதோ என்று வினவினார். அரைத்த இலையின் கரோட்டீன் நீரிற் கரையாதது; பெரும்பாலும் இலையணுக்களுக்குள்ளேயே அகப்பட்டுக் கிடந்து தோலின்மேற் காய்ந்துபோகும். உண்டாலோ, கொழுப்போடு சேர்ந்து குடலிலே உறிஞ்சப்பட்டு, அங்கேயே பிளந்து இரெற்றினல்டிகைட்டாகி, ஈரலிற் சேமிக்கப்பட்டு, வேண்டும்போது இரத்தவழியே தோலின் அடிப்படலத்தை அடையும். ஆகையால், அம்மா, அதைத் தேங்காய்ப்பூவிட்டுச் சுண்டலாக்கிப் பிள்ளைகளுக்குச் சோற்றோடு கொடுங்கள் என்றேன்.